வாக்கு எண்ணிக்கையும் வாக்காளர் எண்ணமும்

புது தில்லி: திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது சந்திரகிரி. விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. பாறைக் குன்றும், அதனடியில் ராஜமகாலும் இன்றும் பழம்பெருமை பேசுகின்றன. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊரான நாராவாரிபள்ளி இந்தப் பகுதியில்தான் உள்ளது. அவர் 1978-இல் காங்கிரஸ் வேட்பாளராக முதன்முதலில் சட்டப்பேரவைக்குச் சென்றதும், 1983-இல் தெலுங்கு தேசம் அலையில் தோற்றதும் இதே தொகுதியில்தான். 1989 முதல் அவர் குப்பம் தொகுதிக்கு மாறிவிட்டார்.

அண்மைக்காலத் தேர்தல்களில் சந்திரகிரி இன்னொரு காரணத்துக்காகக் கவனிக்கப்பட வேண்டிய தொகுதியாகிவிட்டது. 2019-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் செவிரெட்டி பாஸ்கர் ரெட்டி, தெலுங்கு தேசத்தின் புலிவர்த்தி நானியை 40,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2024-இல் அதே நானி, பாஸ்கர் ரெட்டியின் மகன் மோஹித் ரெட்டியை ஏறத்தாழ அதே அளவு வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஐந்தே ஆண்டுகளில் ஒரு தொகுதி இப்படித் தலைகீழாகப் புரண்டதற்குக் காரணம் என்ன? ஆட்சியின் மீதான அதிருப்தியா, கூட்டணிக் கணக்கா, சாதி அணிகளின் இடமாற்றமா, வேலையின்மையா? தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பட்டியலில் இதற்கு விடை இல்லை. யாருக்கு எத்தனை வாக்குகள் என்பதை மட்டுமே அது சொல்லும். ஏன் என்பதை வாக்காளரிடம்தான் கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கென்று ஓர் ஆய்வு மரபு இந்த நாட்டில் அறுபது ஆண்டுகளாக இருந்து வருகிறது. தேர்தல் காலத் தொலைக்காட்சிக் கூச்சலில் அது மறைந்துபோவதும், அண்மையில் அரசியல் சர்ச்சையில் சிக்கியதும் கவலைக்குரியவை.

ஒரே 39 விழுக்காடு

இடங்களின் எண்ணிக்கை மக்களின் மனநிலையை எந்த அளவுக்கு மறைக்கும் என்பதற்கு ஆந்திரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தேவையில்லை. 2019 சட்டப்பேரவைத் தேர்தலில் சுமார் 39 விழுக்காடு வாக்குகள் பெற்ற தெலுங்கு தேசத்துக்கு 175 இடங்களில் 23 கிடைத்தன. 2024-இல் சுமார் 39 விழுக்காடு வாக்குகள் பெற்ற ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 11 மட்டுமே. இரு தேர்தல்களிலும் தோற்ற கட்சி அடியோடு துடைத்தெறியப்பட்டது என்றே தலைப்புச் செய்திகள் கூறின. ஆனால், ஐந்து வாக்காளர்களில் இருவர் அந்தக் கட்சியின் பக்கமே நின்றார்கள். 2024-இல் தெலுங்கு தேசம், ஜனசேனை, பாஜக ஆகிய மூன்றும் ஓரணியில் திரண்டதுதான் வாக்குகளை இடங்களாக மாற்றியது.

வாக்குகளை இடங்களாகக் கணிக்கும் முயற்சியில்தான் கருத்துக் கணிப்புகள் பெரும்பாலும் கவிழ்கின்றன. 2004-இல் வாக்குச் சாவடி வாசல் கணிப்புகளில் பெரும்பாலானவை வாஜ்பாய் தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணியே முதலிடம் பெறும் என்றன. முடிவில் காங்கிரஸ் 145, பாஜக 138 என்று ஆயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 1-ஆம் தேதி மாலை வெளியான கணிப்புகளுள் ஒன்று, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் வரை கொடுத்தது. ஜூன் 4-ஆம் தேதி அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தவை 293; பாஜகவுக்குத் தனித்து 240. அந்தக் கணிப்பை நடத்திய நிறுவனத்தின் தலைவர் தொலைக்காட்சி நேரலையிலேயே கண்கலங்கியதை நாடு பார்த்தது.

இந்தத் தோல்விகளைக் காட்டி, வாக்காளரிடம் கேள்வி கேட்பதே வீண் வேலை என்று கூறுவோர் எல்லாக் கட்சிகளிலும் உண்டு. தங்களுக்குச் சாதகமான கணிப்பு வரும்வரை மட்டுமே அவர்கள் அவ்வாறு கூறுவார்கள் என்பது வேறு விஷயம். இங்கே இரண்டு வேறு பணிகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். வெற்றி யாருக்கு என்று ஓரிரு நாள்கள் முன்னதாகச் சொல்வது ஒரு பணி. மக்கள் ஏன் அவ்வாறு வாக்களித்தார்கள், நாட்டைப் பற்றியும் அதன் அமைப்புகளைப் பற்றியும் தங்களைப் பற்றியும் என்ன நினைக்கிறார்கள் என்று பதிவு செய்வது இன்னொரு பணி. முன்னதன் ஆயுள் வாக்கு எண்ணும் நாள் வரைதான். பின்னதற்குத்தான் காலம் செல்லச் செல்ல மதிப்புக் கூடும்.

1967-இல் தொடங்கிய வேலை

இந்தியாவில் முறைப்படியான கருத்தாய்வைத் தொடங்கியவர் எரிக் டகோஸ்டா. 1950-களில் அவர் நிறுவிய இந்தியப் பொதுக் கருத்து நிறுவனம் இத்துறையின் முன்னோடி. தேர்தலையே மையமாக வைத்த பெரும் கல்விசார் ஆய்வு, ரஜனி கோத்தாரி 1963-இல் தில்லியில் நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. 1967 பொதுத் தேர்தலை ஒட்டி அம்மையம் தேசியத் தேர்தல் ஆய்வை நடத்தியது. 1971-இல் மீண்டும் நடத்தியது. பின்னர் நீண்ட இடைவெளி. 1996-இல் மீட்டெடுக்கப்பட்ட அந்த ஆய்வு, அதன் பிறகு ஒவ்வொரு மக்களவைத் தேர்தலையும் ஒட்டி நடந்து வருகிறது. யோகேந்திர யாதவ் முதல் இயக்குநராக இருந்து உருவாக்கிய லோக்நீதி என்ற பிரிவு இதை நடத்துகிறது. 2004 ஆய்வில் மட்டும் 27,000-க்கும் மேற்பட்ட வாக்காளர்கள் நேரில் சந்திக்கப்பட்டனர்.

நேரில் என்பதுதான் இங்கு முக்கியம். தொகுதிகளும், அவற்றுக்குள் வாக்குச் சாவடிகளும், சாவடிக்குள் வாக்காளர்களும் புள்ளியியல் முறைப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ எதிர்ப்படுகிறவரைப் பிடித்துக் கேட்பதில்லை. வாக்காளர் பட்டியலில் எந்தப் பெயர் விழுந்ததோ, அவருடைய வீட்டைத் தேடிக் களப்பணியாளர் செல்ல வேண்டும். அவர் வயல் வேலைக்குச் சென்றிருந்தால் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். கேள்வித்தாள் அந்த மாநிலத்தின் மொழியில் இருக்கும். எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடிக்க அரை மணி நேரத்துக்கும் மேலாகலாம்.

எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதே பெரிது என்ற பாடத்தை உலகம் 1936-இல் கற்றது. அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவரோ 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களையே பெரும்பாலும் அந்த இதழ் கேட்டிருந்தது. மிகக் குறைவானவர்களை முறையாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

இந்திய ஆய்வுகள் வெளிக்கொணர்ந்த உண்மைகளில் ஒன்று மேலை நாட்டு அரசியல் அறிஞர்களையே திகைக்க வைத்தது. வசதியும் படிப்பும் உள்ளவர்களே அதிகம் வாக்களிப்பர் என்பது அங்குள்ள அனுபவம். இங்கு ஏழைகள், தலித்துகள், சிற்றூர்வாசிகள் ஆகியோர் மற்றவர்களுக்குக் குறையாமல், சில நேரங்களில் அவர்களைவிட அதிகமாகவே, வாக்குச் சாவடிக்கு வருகின்றனர் என்பதை 1990-களின் ஆய்வுகள் காட்டின. இதையே யாதவ் இரண்டாவது ஜனநாயக எழுச்சி என்று வர்ணித்தார். வாக்குச் சீட்டுகளை எத்தனை முறை எண்ணினாலும் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது.

அலிபிரி தந்த பாடம்

சந்திரகிரிக்கு அருகிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 2003 அக்டோபர் 1-ஆம் தேதி, திருமலை அடிவாரத்தில் அலிபிரியில் நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலில் அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடு உயிர் தப்பினார். அடுத்த மாதமே சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. அனுதாப அலை வீசும் என்பது அரசியல் வட்டாரங்களின் எதிர்பார்ப்பு. 2004-இல் தெலுங்கு தேசத்துக்கு 294 இடங்களில் 47 மட்டுமே கிடைத்தன. மக்களவையில் 42-க்கு 5.

உடனே ஒரு விளக்கம் புறப்பட்டது. கணினி நகரம் கண்ட முதல்வரைக் கிராமங்கள் தண்டித்துவிட்டன என்பதே அது. கேட்பதற்குப் பொருத்தமான கதை. ஆனால், அந்தத் தேர்தலில் காங்கிரஸ், தெலங்கானா ராஷ்டிர சமிதியுடனும் இடதுசாரிகளுடனும் கூட்டணி வைத்திருந்தது. தனி மாநிலக் கோரிக்கை தெலங்கானாவில் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டணி எவ்வளவு, வறட்சி எவ்வளவு, ஆட்சி மீதான சலிப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், நகரத்து வாக்காளரையும் கிராமத்து வாக்காளரையும் ஒரே கேள்வித்தாளுடன் சந்தித்தாக வேண்டும். இல்லையேல், வென்றவர் சொல்வதே காரணம் என்றாகிவிடும்.

அச்சம் இருக்கும் இடத்தில் விடை கிடைக்குமா?

ஆய்வாளருக்கு உண்மையான சோதனை காத்திருப்பது சந்திரகிரி போன்ற இடங்களில்தான். 2019 ஏப்ரல் 11-ஆம் தேதி ஆந்திரத்தில் வாக்குப் பதிவு முடிந்தது. சந்திரகிரி தொகுதியின் சில கிராமங்களில் தலித் வாக்காளர்கள் சுதந்திரமாக வாக்களிக்க விடப்படவில்லை என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தரப்பு புகார் கூறியது. ஒரு மாதத்துக்குப் பின்னர் மறு வாக்குப் பதிவா என்று தெலுங்கு தேசம் ஆட்சேபித்தது. தேர்தல் ஆணையம் முதலில் 5 சாவடிகளிலும் பின்னர் மேலும் 2 சாவடிகளிலும் மறு வாக்குப் பதிவுக்கு உத்தரவிட்டது. 38 நாள்கள் கழித்து, மே 19-ஆம் தேதி, அந்த 7 சாவடிகளின் வாக்காளர்கள் மீண்டும் வரிசையில் நின்றனர். 2024-இலும் நிலைமை அமைதியாக இல்லை. வாக்குப் பதிவுக்கு மறுநாள், இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்த திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழக வளாகத்தில் வேட்பாளர் நானியே தாக்கப்பட்டார்.

இத்தகைய சூழலில் வாழும் ஒருவரின் வீட்டு வாசலில், முன்பின் தெரியாத இளைஞர் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து நின்று, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டால் என்ன விடை வரும்? பக்கத்து வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். குடும்பத் தலைவர் மனைவிக்கும் சேர்த்துத் தாமே பதில் சொல்ல முற்படுவார். வென்றவருக்கே வாக்களித்ததாகச் சொல்லிவிடுவது பலருக்குப் பாதுகாப்பானது. தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகளில் வெற்றி பெற்ற கட்சியின் ஆதரவு கூடுதலாகத் தென்படுவது ஆய்வாளர்கள் நன்கு அறிந்த குறை.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி எளிமையானது. களப்பணியாளர் வாயால் விடை கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச் சீட்டை வாக்காளரிடம் கொடுத்துவிடுகிறார். அவர் குறியிட்டு, மடித்து, கையோடு கொண்டுவரப்பட்ட பெட்டியில் போட்டுவிடுகிறார். பெயரோ வீட்டு அடையாளமோ ஆய்வு முடிவில் வெளியாவதில்லை. இந்த முறையால் அச்சம் முழுவதும் நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், அச்சம் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு தொடங்கும் முறை இது.

அரசே காக்காத ரகசியம்

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின்படி, யாருக்கு வாக்களித்தார் என்று கூறுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. தேர்தல் அலுவலர்கள் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது 128-ஆவது பிரிவு. ஆனால், மின்னணு இயந்திரங்கள் வந்த பிறகு வாக்குகள் சாவடி வாரியாக எண்ணப்படுகின்றன. படிவம் 20 என்ற ஆவணத்தில் சாவடி வாரியாக வெளியிடப்படுகின்றன. ஒரு சாவடி என்பது சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். சிற்றூர்களில் அது ஒரு சேரியாகவோ ஒரு சாதித் தெருவாகவோ இருந்துவிடலாம். தனி மனிதரின் வாக்கு ரகசியம். அவருடைய தெருவின் வாக்கு பகிரங்கம்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2019 பிரசாரத்தில், தமக்குக் கிடைக்கும் வாக்கு விகிதத்துக்கேற்பக் கிராமங்களைத் தரம் பிரித்து, அந்த வரிசையில் பணிகள் செய்யப்படும் என்ற பொருளில் அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி பேசியதைத் தேர்தல் ஆணையம் கண்டித்தது. பல சாவடிகளின் வாக்குகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியை ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தனது 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்தது. எந்தப் பகுதியில் ஆதரவு குறைவு என்று அறிந்தால் அங்கு கூடுதலாக உழைக்கலாம் என்ற காரணம் சொல்லப்பட்டது. மறு வாக்குப் பதிவு கண்ட ஒரு கிராமத்தவருக்கு இந்த விளக்கம் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஓர் ஆய்வு கிராமத்தை மறைத்து மனத்தைக் காட்டுகிறது. அதிகாரபூர்வ எண்ணிக்கையோ மனத்தைச் சொல்லாமல் கிராமத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தியனா, தெலுங்கரா, தமிழரா?

வாக்கைவிட நுட்பமானது அடையாளம் பற்றிய கேள்வி. அதிலும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்பது தொல்காப்பியப் பாயிரக் காலத்திலிருந்து வரும் நினைவு. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது வட எல்லைப் போராட்டத்தை ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்தினார். எச்.வி. படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருப்பதியும் சந்திரகிரியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நீடித்தன.

கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோரின் தாய்மொழி எது என்பதை முதன்மையாக வைத்து எல்லை வகுப்பதே படாஸ்கர் பின்பற்றிய முறை. மக்கள்தொகைக் கணக்கு ஒருவருடைய தாய்மொழியைக் கேட்கும். ஒரு கட்டத்தில் ஒரு விடைதான் எழுத முடியும். ஆனால், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழ்பவர், தம்மை யாரென்று கருதுகிறார் என்பதை அந்தக் கட்டம் சொல்லாது.

அடையாள ஆய்வுகள் இந்தக் குறையை வேறு விதமாக அணுகுகின்றன. ஸ்பெயினில் கேட்டலான்களிடமும் பிரிட்டனில் ஸ்காட்லாந்து மக்களிடமும் கேட்கப்பட்ட ஐந்து விடைக் கேள்வி ஒன்று உண்டு. அதை இங்கு பொருத்தினால் இப்படி அமையும்: இந்தியர் மட்டுமே, தெலுங்கர் என்பதைவிட இந்தியர், இரண்டும் சமம், இந்தியர் என்பதைவிடத் தெலுங்கர், தெலுங்கர் மட்டுமே. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதைத் துறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. ஆல்பிரட் ஸ்டெபான், யுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட நூலில், மொழி அடையாளத்தை ஒடுக்காமல் அதற்கு இடம் கொடுத்ததாலேயே இந்தியா ஒன்றாக நிற்கிறது என்று வாதிட்டனர். தமிழகத்தையும் அவர்கள் விரிவாக ஆராய்ந்தனர். 1962-இல் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்ட அண்ணா, 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967-இல் கோட்டையில் அமர்ந்த வரலாற்றை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வாதம் புதிதன்று. தமிழர் என்ற உணர்வும் இந்தியர் என்ற உணர்வும் ஒரே மனத்தில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு ஆய்வு சான்று சேர்க்கிறது என்பதே புதியது.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நீதி 19 மாநிலங்களில் 10,019 பேரிடம் நடத்திய ஆய்வையும் இங்கு நினைவுகூரலாம். இந்தியா எல்லா மதத்தவருக்கும் சமமாக உரியது என்று 79 விழுக்காட்டினர் கூறினர். வேலையின்மையே முதன்மைப் பிரச்னை என்றோர் 27 விழுக்காடு. விலைவாசி என்றோர் 23 விழுக்காடு. அதே ஆய்வில் தேர்தல் ஆணையத்தின் மீது மிகுந்த நம்பிக்கை வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் 28 விழுக்காடு மட்டுமே. 2019 ஆய்வில் இது 51 விழுக்காடாக இருந்தது. இடங்கள் பற்றிய எந்தக் கணிப்பையும்விட ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஆணையமும் கவலையோடு படிக்க வேண்டிய எண் இதுதான்.

கேட்பவர் மீதும் கேள்வி

கேள்வி கேட்பவர்களும் தவறுக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். 2025 ஆகஸ்டில், லோக்நீதியின் இணை இயக்குநர் சஞ்சய் குமார், மகாராஷ்டிரத் தொகுதிகள் சிலவற்றின் வாக்காளர் எண்ணிக்கையைத் தவறாக ஒப்பிட்டுச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். பின்னர் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அது கள ஆய்வின் முடிவு அன்று; பட்டியல் எண்களைப் படித்ததில் நேர்ந்த பிழை. எனினும், வாக்காளர் பட்டியல் சர்ச்சை உச்சத்தில் இருந்த நேரம். அவர் மீது மகாராஷ்டிரத்தில் வழக்குகள் பதிவாயின. மையத்துக்கு நிதியுதவி அளிக்கும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஆகஸ்ட் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளுக்குத் தடை விதித்தது.

பிழையைச் சுட்டிக்காட்டுவது எல்லோரின் உரிமை. திருத்திக்கொள்வது ஆய்வாளரின் கடமை. ஆனால், ஒரு பதிவின் பிழைக்காக அறுபதாண்டுத் தரவு மரபே சந்தேகத்துக்கு உள்ளானால், நட்டம் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் அன்று. இதே அளவில், இதே கேள்விகளைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுவரும் பணியை வேறு எவரும் எளிதில் மேற்கொண்டுவிட முடியாது.

நாடாளுமன்றம் இதுவரை செய்திருப்பது, வெளியிடும் நேரத்தைக் கட்டுப்படுத்தியது மட்டுமே. 2009 சட்டத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 126-ஏ பிரிவு, வாக்குப் பதிவு தொடங்கியது முதல் கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை வாசல் கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஈராண்டு வரை சிறை. எவ்வாறு கணித்தார்கள், பணம் யார் கொடுத்தது, எத்தனை பேரை எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்லச் சட்டக் கட்டாயம் இல்லை. இந்த விவரங்கள் வெளிப்படையாக்கப்பட வேண்டும் என்பதையும் 255-ஆவது அறிக்கை பரிந்துரைத்தது. அது வந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது.

முறையை வெளியிடக் கட்டாயப்படுத்தினால், முறையான ஆய்வு எது, தொலைக்காட்சிக்கான ஆரூடம் எது என்று வாசகரே பிரித்தறிய முடியும். சாவடி வாக்குகளைக் கலந்து எண்ணினால், சந்திரகிரியின் அந்த 7 சாவடிகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் தெருவின் முடிவை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. நாளை ஓர் ஆய்வாளர் அவர்களுடைய வீட்டுக் கதவைத் தட்டும்போது திண்ணையில் உட்காரச் சொல்லி, மனத்தில் உள்ளதைச் சொல்லவும் தயங்க மாட்டார்கள். இரண்டுக்குமான பரிந்துரைகள் ஒரே அறிக்கையில் இருக்கின்றன. அதை எடுத்துப் படிக்க வேண்டியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள்.